திரை பிடிப்பவர்களுக்கும் ஒரு கைதட்டல்

எங்கள் கலசப்பாக்கம் பக்கத்தில் வெயில் காலம் வந்துவிட்டால் போதும், சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஒரு ஊரில் கூத்து இருக்கும். திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர் என்றால் பாரதமே வைத்துவிடுவார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து என்று நாள் கணக்கில் நடக்கும். நடுவில் அர்ச்சுனன் தபசு, கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. இதையெல்லாம் பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகள் எங்கள் பக்கம் குறைவு.

கூத்து முடிந்த மறுநாள் டீக்கடையில் பேச்சு நடக்கும் பாருங்கள்... "துரியோதனன் கட்டினவரு பின்னிட்டாருப்பா", "பாஞ்சாலி வேஷம் அழ வெச்சிடுச்சு", "கட்டியங்காரன் பேசினதுல சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது". பேச்சில் வருவதெல்லாம் வேஷம் கட்டினவர்கள்தான். அது நியாயம்தான். விடிய விடிய ஆடியவர்களைப் பாராட்டாமல் வேறு யாரைப் பாராட்டுவது? ஆனால் அந்த ராத்திரி நல்லபடியாக நடக்க இன்னும் பத்து இருபது பேர் உழைத்திருப்பார்கள். அவர்கள் பேரை யாரும் எடுப்பதில்லை. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றி.

முதலில் திரை பிடிப்பவர்கள். கூத்து பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முக்கியமான வேஷம் சபைக்கு வரும்போது நேராக வந்து நின்றுவிடாது. இரண்டு பேர் ஒரு துணியை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வேஷக்காரர் அதற்குப் பின்னால் நின்று பாடுவார், ஆடுவார். நமக்குக் கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், சலங்கைச் சத்தம் கேட்கும். யார் வருகிறார், எப்படி இருக்கிறார் என்று கூட்டமே எட்டிப் பார்க்கும். சரியான நேரத்தில் திரை விலகும். கைதட்டல்! விசில்! அந்த இரண்டு பேரும் நம் கண் முன்னால்தான் நின்றார்கள். அதிலும் நம்மைப் பார்த்தபடியே நின்றார்கள். ஆனால் காலையில் "நேத்து திரை பிடிச்சது யாரு?" என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தருக்கும் தெரியாது.

அடுத்தது முகவீணைக்காரர். முகவீணை என்றால் ஏதோ தந்தி வாத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். நாதஸ்வரத்தின் குட்டித் தம்பி மாதிரி ஊதும் வாத்தியம். தர்மர் வேஷக்காரருக்குத் தன் கட்டம் முடிந்தால் உள்ளே போய் ஒரு டீ குடிக்க நேரம் இருக்கும். சகுனி கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளலாம். முகவீணைக்கும் மிருதங்கத்துக்கும் பின்பாட்டுக்கும் அந்த வசதி கிடையாது. யார் சபைக்கு வந்தாலும் இவர்கள் வாசித்தே ஆகவேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடியும் வரை ஒரு மனிதர் மூச்சைப் பிடித்து ஊதுவது சாதாரண விஷயமா?

அர்ச்சுனன் தபசு இன்னொரு உதாரணம். உயரமான மரத்தை நட்டு, அதில் ஏறுவதற்குக் குச்சிகள் வைத்துக் கட்டியிருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறுவார். உச்சியிலிருந்து அவர் போடும் பூவையும் பழத்தையும் பிடிக்கக் கீழே பெண்கள் ஈரப் புடவையோடு காத்திருப்பார்கள். குழந்தை வரம் வேண்டி வந்தவர்கள் அவர்கள். எல்லோர் கண்ணும் மேலே. அந்த மரத்துக்கு எவ்வளவு ஆழம் குழி தோண்டினால் தாங்கும், எந்தப் பக்கம் கல்லைப் போட்டு இறுக்கினால் ஆடாது என்று பார்த்து நட்டவர் அதே கூட்டத்தில் எங்கோ ஒரு ஓரத்தில் நிற்பார். மேலே இருப்பவரின் உயிர் அவர் கைவேலையில்தான் இருக்கிறது.

படுகளத்தில் மண்ணாலேயே துரியோதனனைப் படுக்க வைத்திருப்பார்கள். நாற்பது அடி, ஐம்பது அடி என்று நீளமாகக் கிடக்கும். மீசை, கண், மார்பு, தொடை எல்லாம் மண்தான். வண்டி வண்டியாக மண் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் குழைத்து, ஆள் கூடி உருவமாக்கி, வண்ணம் பூசி முடிப்பதற்குள் முதுகு ஒடிந்துவிடும். பீமன் வந்து தொடையில் அடித்த பிறகு அந்த உருவத்துக்கு ஆயுசு கொஞ்ச நேரம்தான். ஜனங்கள் அந்த மண்ணை வீட்டுக்கு நல்லது என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மண்ணுக்குக் கூட மரியாதை இருக்கிறது, அதைக் குழைத்த கைக்கு யாரும் ஒரு நன்றி சொல்லி நான் பார்த்ததில்லை.

சரி, இது கூத்து. கபடிக்கு வாருங்கள். எங்கள் பக்கம் மின்னொளி கபடிப் போட்டி என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள். பெயரிலேயே விளக்கு இருக்கிறது, ஆனால் விளக்கு கட்டியவர் நோட்டீஸில் இல்லை. காலையிலேயே வந்து தரையில் கல், முள், கண்ணாடிச் சில் பொறுக்கி, மண்ணைக் கொட்டிச் சமப்படுத்தி, தண்ணீர் தெளித்து, கோடு போட்டு வைப்பவர்கள் ஊர்ப் பையன்கள். ரெய்டுக்குப் போனவன் கீழே விழுந்து முழங்கால் கிழியாமல் எழுந்து வருகிறான் என்றால் அதற்குக் காரணம் காலையில் கல் பொறுக்கிய கைதான்.

ஒருமுறை ஒரு கூத்தின்போது மைக்செட் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் கூத்தைப் பார்க்கவே இல்லை. ஆம்ப்ளிஃபையரையும் வயரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்ணே, போர் அடிக்கலையா?" என்று கேட்டேன். "போர் அடிச்சா நல்லதுடா தம்பி. யாரும் இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கலன்னா செட்டு நல்லா ஓடுதுன்னு அர்த்தம். கொய்ங்னு ஒரு சத்தம் வந்துச்சுன்னு வெச்சிக்கோ, மொத்த ஊரும் என்னைத்தான் பாக்கும்" என்றார்.

இந்த வேலைகளின் கஷ்டமே அவர் சொன்னதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நன்றாகச் செய்தால் யார் கண்ணிலும் படாது. தப்பு நடந்தால்தான் ஆளைத் தேடுவோம். திட்டுவதற்கு மட்டும் நமக்கு அவர்கள் ஞாபகம் வருகிறார்கள்.

சினிமாவிலாவது பரவாயில்லை. படம் முடிந்ததும் டீ கொடுத்த புரொடக்‌ஷன் உதவியாளர் வரை பெயர் ஓடும். நாம் எழுந்து போய்விடுகிறோம் என்பது வேறு விஷயம், பெயர் இருக்கிறது. மேடையில் நேராக நடக்கும் நிகழ்ச்சிக்கு, அது கூத்தோ கச்சேரியோ விளையாட்டோ, கடைசியில் பெயர் ஓடுவதில்லை. அதோடு அங்கே ரீடேக்கும் இல்லை. சினிமாவில் லைட் அணைந்தால் "ஒன் மோர்" என்று சொல்லிவிடலாம். கூத்தில் அபிமன்யு விழும் நேரத்தில் கரண்ட் போனால் போனதுதான். முதல் தடவையே சரியாகச் செய்ய வேண்டிய வேலைக்குத்தான் பெயர் இல்லாமல் இருக்கிறது!

பெரிய இடங்களிலும் கதை இதுதான். 2023 ஐ.பி.எல். இறுதிப் போட்டி ஞாபகம் இருக்கிறதா? அகமதாபாத். மே 28 அன்று நடக்க வேண்டியது, மழையால் மறுநாளுக்குப் போனது. மறுநாளும் சென்னை பேட்டிங் ஆரம்பித்ததும் மழை. ஆட்டம் மறுபடி ஆரம்பிக்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. 15 ஓவர், 171 ரன் இலக்கு. கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். தோனி அவரைத் தூக்கிக்கொண்டது வரை நமக்கு மனப்பாடம். ஆனால் அந்த நள்ளிரவு வரை ஸ்பாஞ்சை வைத்து ஈரத்தை ஒற்றி ஒற்றி எடுத்து, பக்கெட்டில் பிழிந்துகொண்டிருந்த மைதான ஊழியர்கள் இல்லாவிட்டால் அந்த இரண்டு பந்துகளே இல்லை. உலகத்திலேயே பணக்காரக் கிரிக்கெட் வாரியம், கடைசியில் அன்றைக்குக் காப்பாற்றியது ஸ்பாஞ்ச் பிடித்த கைகள்தான் :-)

அதே வருடம் செப்டம்பரில் இலங்கையில் ஆசியக் கோப்பை. மழைக் காலத்தில் போட்டி வைத்துவிட்டார்கள். மைதான ஊழியர்கள் நாளெல்லாம் உறையை இழுத்து மூடுவதும் விலக்குவதுமாக ஓடிக்கொண்டே இருந்தார்கள். இலங்கையில் ஆடுகளத்தை மட்டும் மூடுவதில்லை, மொத்த மைதானத்தையும் மூடிவிடுவார்கள். தண்ணீர் தேங்கிய உறையை இழுப்பது எவ்வளவு கனம் என்று யோசித்துப் பாருங்கள். செப்டம்பர் 17 அன்று கொழும்பில் இறுதிப் போட்டி. முகமது சிராஜ் 21 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். இலங்கை 50 ரன்னில் சுருண்டது. ஆட்டநாயகன் பரிசான 5,000 டாலரை அந்த மைதான ஊழியர்களுக்கே கொடுத்துவிட்டார் சிராஜ். அவர்கள் இல்லையென்றால் இந்தத் தொடரே நடந்திருக்காது என்றும் சொன்னார். ஆட்டோ ஓட்டுநரின் மகன் அவர். உழைக்கிற கை எது என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆசியக் கிரிக்கெட் கவுன்சிலும் இலங்கைக் கிரிக்கெட் வாரியமும் சேர்ந்து கொழும்பு, கண்டி ஊழியர்களுக்கு 50,000 டாலர் அறிவித்தன.

2024 மே மாதம் சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். இறுதிப் போட்டி முடிந்ததும் இந்தியக் கிரிக்கெட் வாரியமும் வழக்கமான 10 மைதானங்களின் ஊழியர்களுக்குத் தலா 25 லட்சம் என்று பரிசு அறிவித்தது. சந்தோஷம். கச்சேரி உலகத்திலும் இப்படிச் சில செய்திகள் உண்டு. 2023-ல் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட், தன் மேடைச் சாமான்களை ஊர் ஊராக ஏற்றிச் சென்ற லாரி ஓட்டுநர்களுக்குத் தலா ஒரு லட்சம் டாலர் கொடுத்தார் என்று செய்தி வந்தது. நம் ஊரில் ஏ.ஆர்.ரஹ்மான் 2023 மார்ச் 19 அன்று சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கத்தில் ஒரு கச்சேரியே லைட்மேன்களுக்கு நிதி திரட்டுவதற்காக நடத்தினார்.

அந்தக் கச்சேரிக்குப் பின்னால் ஒரு சோகம் இருக்கிறது. விளக்கு கட்டுவதும் கிரேன் ஓட்டுவதும் உயிரைப் பணயம் வைக்கும் வேலை. 2020 பிப்ரவரி 19 இரவு 'இந்தியன் 2' படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்துபோனார்கள். மூவருமே திரைக்குப் பின்னால் வேலை செய்தவர்கள். அது பெரிய படம் என்பதால் செய்தியானது. ஊர்த் திருவிழாவில் ஈரத் தரையில் செருப்பு இல்லாமல் நின்று, ஒட்டுப்போட்ட வயரைப் பல்லால் கடித்து உரித்து சீரியல் லைட் கட்டும் பையனுக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது? கையுறை உண்டா? இன்சூரன்ஸ் உண்டா? நானும் பல இடங்களில் பார்த்திருக்கிறேன், ரெண்டும் கிடையாது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். இவர்கள் வேலை ஒழுங்காக நடக்காவிட்டால் ஆபத்து நமக்கும்தான். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் உயிரிழந்தார்கள். தேர் வரும் தெருவில் முன்னாடியே போய்க் கம்பியின் உயரத்தைப் பார்ப்பதும், மின்சாரத்தை நிறுத்துவதும், தேர் தாண்டியதும் மறுபடி கொடுப்பதும் எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் பலருக்கும் புரிந்தது. கரண்ட் நிறுத்தினால் லைன்மேனைத் திட்டுகிறோம். அவர் நிறுத்துவதால்தான் நாம் வீட்டுக்குத் திரும்புகிறோம்.

எங்கள் மாவட்டத்திலேயே இதற்கெல்லாம் பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. திருவண்ணாமலை தீபம். 2,668 அடி உயர மலை உச்சியில் ஐந்தரை அடி உயரக் கொப்பரையில் மகா தீபம் ஏற்றுவதை லட்சக்கணக்கான பேர் பார்ப்பார்கள். வானம் தெளிவாக இருந்தால் எங்கள் ஊர்ப்பக்கம் மொட்டை மாடியிலிருந்தே கும்பிடலாம். அந்தக் கொப்பரை தானாக மேலே போவதில்லை. கொப்பரை, நெய், திரித் துணி எல்லாம் மனிதத் தோளில்தான் ஏறுகிறது. 2024-ல் என்ன நடந்தது? டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் அந்த மலையில் மண் சரிந்து, அடிவாரத்தில் ஒரு வீட்டில் இருந்த 7 பேர் உயிரிழந்தார்கள். மலை ஏறுவது ஆபத்து என்று அந்த ஆண்டு பக்தர்களுக்கு அனுமதி தரவில்லை. ஆனால் டிசம்பர் 13 அன்று தீபம் எரிந்தது. அப்படியென்றால் பார்க்க வருபவர்களுக்கு ஆபத்து என்று மூடிய அதே பாதையில் சிலர் பாரம் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு "அரோகரா" சொன்ன நேரத்தில் நம்மில் எத்தனை பேருக்கு அவர்கள் ஞாபகம் வந்தது?

தீபம் முடிந்த மறுநாள் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் பாட்டில், அன்னதானத் தட்டு, செருப்பு என்று குவிந்து கிடக்கும். அதை அள்ளுகிற தூய்மைப் பணியாளர்கள்தான் அந்தத் திருவிழாவின் கடைசி ஆட்கள். நாம் புண்ணியத்தை எடுத்துக்கொண்டு குப்பையை அவர்களிடம் விட்டுவிட்டு வருகிறோம்.

இதைச் சொன்னால் நண்பன் ஒருவன் கேட்டான். "அவங்க சும்மாவா செய்றாங்க? சம்பளம் வாங்கறாங்க இல்ல? அப்புறம் எதுக்குத் தனியா நன்றி?" நியாயமான கேள்விதான். ஆனால் ஜடேஜாவும் சம்பளம் வாங்குகிறார், பாடகரும் வாங்குகிறார். அவர்களுக்கு நாம் கைதட்டாமலா இருக்கிறோம்? சம்பளம் வேலைக்கு, கைதட்டல் அதை நன்றாகச் செய்ததற்கு. இன்னொன்று, அந்தச் சம்பளமாவது ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா? கல்லூரி விழா ஒன்றில் பந்தல்காரரும் மைக்செட்காரரும் பாக்கிப் பணத்துக்காகப் பலமுறை அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். மேடையில் பாட வந்தவருக்கோ மேடை ஏறும் முன்பே முழுப் பணமும் போய்விட்டது. பெயர் தெரியாதவருக்குக் கடன் வைப்பது சுலபம். பெயர் தெரிந்தால் கொஞ்சமாவது கூச்சம் வரும். அதனால்தான் நான் பெயரைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

இன்னும் சிலர், "எல்லார் பேரையும் சொல்லிக்கிட்டிருந்தா நிகழ்ச்சி எப்ப முடியறது?" என்பார்கள். திருவிழா நோட்டீஸை ஒருதடவை எடுத்துப் பாருங்கள். தலைவர், துணைத் தலைவர், உபயதாரர், அவர் மகன், மருமகன், வெளிநாட்டில் இருக்கும் பேரன் வரை பெயர் இருக்கும். இவ்வளவுக்கும் இடம் இருக்கும்போது முகவீணைக்காரர் பெயருக்கு ஒரு வரி இடம் கிடைக்காதா?

2025-ல் எங்கள் மாவட்டத்துப் புரிசையைச் சேர்ந்த கண்ணப்ப சம்பந்தன் அவர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தெருக்கூத்துக்குக் கிடைத்த மரியாதை அது, எங்கள் பக்கத்து ஜனங்கள் எல்லோருக்கும் பெருமை. அந்த மரியாதையில் ஒரு துளி திரை பிடிப்பவர் வரைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கு டெல்லி வரை போக வேண்டாம். நம் ஊரிலேயே செய்யக்கூடியது நான்கு விஷயம்.

ஒன்று, நோட்டீஸில் பெயர் போடுவது. வாத்தியக்காரர், திரை பிடிப்பவர், மைக்செட், பந்தல், தபசு மரம் நட்டவர், படுகளம் செய்தவர் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பத்து வரி போதும்.

இரண்டு, பேசிய பணத்தை அன்றைக்கே, அவர்கள் சாமான் ஏற்றிக் கிளம்பும் முன்பே கொடுப்பது.

மூன்று, வயர் வேலை செய்பவருக்கு ரப்பர் கையுறையும் காலணியும், மழை வந்தால் "வேலையை நிறுத்துங்க" என்று சொல்லும் ஒரு பொறுப்பான ஆளும். விழாவுக்கு வசூல் செய்யும் பணத்தில் பட்டாசுக்குப் போவதில் ஒரு பங்கு போதும் இதற்கு.

நான்கு, சாப்பாடு. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அண்டாவில் மிச்சம் இருந்தால் மைக்செட் பையனைக் கூப்பிடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். வேஷக்காரர்களோடு ஒரே பந்தியில் உட்கார வைத்தால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது.

மாணவர்களாகிய நமக்கு இன்னும் சுலபமான வேலை இருக்கிறது. கல்லூரி விழாக்களை நடத்துவது நாம்தானே? நன்றியுரை எழுதுவதும் நாம்தான். "மற்றும் இவ்விழா சிறக்க உழைத்த அனைவருக்கும் நன்றி" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். இனிமேல் அந்த "அனைவருக்கும்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, நேரில் போய்க் கேட்டுப் பெயர்களை எழுதிக்கொண்டு வந்து படிப்போம். நாற்காலி போட்ட அண்ணன், மேடையைக் கூட்டிய அக்கா, ஜெனரேட்டர் பக்கத்தில் டீசல் நாற்றத்தில் உட்கார்ந்திருந்த தாத்தா. இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

அடுத்த தடவை கூத்துக்கோ கச்சேரிக்கோ மேட்ச்சுக்கோ போனால் முடிந்ததும் உடனே வண்டியை எடுக்காமல் ஒரு ஐந்து நிமிஷம் நில்லுங்கள். வயரைச் சுருட்டிக்கொண்டிருப்பவரிடம் போய், "உங்க பேரு என்னண்ணே? இன்னிக்கு செட்டு ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் ஏதோ புகார் சொல்ல வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார். பொறுத்துக்கொண்டு மறுபடி ஒருமுறை சொல்லுங்கள்.